ஐந்து நிமிடம் பின்தங்கிய கற்கள்

தப்பாக யார் எதைச் சொன்னாலும் என் வாய் சும்மா இருக்காது. பேருந்தில் யாரோ யாருக்கோ நிறுத்தத்தை மாற்றிச் சொன்னால்கூடத் திரும்பித் திருத்திவிட்டுத்தான் இறங்குவேன். என் வேலை அப்படி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுன்ட்டரில் இருக்கிறேன். குழாயில் ஒட்டும் சீட்டில் பெயர், வயது, ரத்தம் எடுத்த நேரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினால் ஒருவருடைய நோய் இன்னொருவர் தலையில் விடியும். பதினெட்டு வருடத்தில் ஒரு சீட்டை மாற்றி ஒட்டியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. அதனால்தான் இதைச் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

என் வீட்டுக்காரர் குடிநீர் நிலையத்தில் பம்பு ஆபரேட்டர். காலை ஆறு மணி ஷிஃப்ட். அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளமும் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கூரையைத் தள்ளினால் வானம் தெரியும். உள்ளே ஒரு தொலைநோக்கி, அதன் பின்னால் மாட்டிய ஒரு காமிரா, ஒரு பழைய கம்ப்யூட்டர். இவற்றை வைத்துக்கொண்டு இதுவரை யார் கண்ணிலும் படாத சிறுகோள்களைத் தேடுவார். வீட்டில் நாங்கள் சிறுகோள் என்றெல்லாம் சொல்வதில்லை. "இன்னைக்குக் கல்லு ஏதாவது மாட்டுச்சா?" என்றுதான் கேட்பேன்.

கூட்டாளி ஒருவர் உண்டு. லிஃப்ட் மெக்கானிக். அவர் இவரைப் 'பம்பு' என்பார், இவர் அவரை 'லிஃப்டு' என்பார். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து ஒட்டிக்கொண்டவர்கள். எனக்கு அவர் கூடப் பிறக்காத அண்ணன். இரவில் படம் பிடிப்பது இவர். கம்ப்யூட்டரும் காமிராவும் மக்கர் செய்யாமல் பார்த்துக்கொள்வது அவர். விடுமுறை மதியங்களில் இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். வானத்தின் ஒரே இடத்தை இருபது நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள். மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரமெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும், கல் மட்டும் புள்ளியாக நகரும். அந்தப் புள்ளி எந்த நொடியில் எங்கே இருந்தது என்று அளந்து, உலகத்துக் கல்லுக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கும் ஒரு மையத்துக்கு அனுப்புவார்கள். புதுக் கல் என்றால் இவர்கள் பெயரில் பதிவாகும். பதினோரு வருடத்தில் மூன்று கல்.

"ரெண்டு பேரும் உக்காந்து ஈ பிடிச்சிருந்தா இதைவிட அதிகம் பிடிச்சிருப்பீங்க" என்பேன்.

"கல்லைக் கண்டா நாயைக் காணோம்பாங்க தங்கச்சி. எங்களுக்கு நாயே வேணாம், கல்லு போதும்" என்று அண்ணன் சிரிப்பார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய தமையனுக்கு ஐம்பத்து நான்கு வயதில் மறதி நோய் தொடங்கியது. முதலில் சாவி, பிறகு வீட்டுக்கு வரும் வழி, கடைசியில் பெற்ற பிள்ளைகளின் முகம். லிஃப்டு அண்ணனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். "தலை மறந்தாலும் என் கை மறக்காது" என்று மட்டும் எப்போதாவது சொல்வார். பத்து மாடிக் கட்டடங்களில் அந்தக் கை மாட்டிய பிரேக்கை நம்பித்தான் ஊர் ஏறி இறங்குகிறது.

இனி நான் செய்தது.

என் வீட்டுக்காரர் வேலைக்கு எப்போதும் லேட். ஒரு மணி, அரை மணி இல்லை. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். விடியும் நேரத்தில் இன்னும் ஒரே ஒரு படம் என்று உட்கார்ந்துவிடுவார். வெளிச்சம் ஆகாது என்று செல்போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போவதால், மாடியில் அவருக்கு நேரம் காட்டுவது கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருக்கும் எண் ஒன்றுதான். அதைப் பார்த்து மெதுவாக எழுந்து, சைக்கிளை மிதித்துப் போய் விரல் வைத்தால் இயந்திரம் ஆறு மணி மூன்று நிமிடம் என்று காட்டும். இரண்டு மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் சஸ்பென்ஷன். மகள் நர்சிங் படிக்க வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, அவள் படிப்பு முடியும்வரை இந்த வேலை நிலைக்க வேண்டும். கெஞ்சினேன், கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எங்கள் சமையலறைக் கடிகாரத்தை நான் ஐந்து நிமிடம் கூட்டித்தான் வைத்திருப்பேன். ஒரு நாளும் நான் பஸ்ஸைக் கோட்டை விடாததற்குக் காரணம் அது. பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டினார், காமிராவுக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றினார், போய்விட்டார். இவர் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். டீக் கோப்பையை எடுக்க மாடிக்குப் போனேன். திரையின் மூலையில் அந்த எண். சமையலறைக்குச் செய்ததை இதற்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. தானாக நேரம் பிடிக்கும் பொத்தானை அணைத்தால்தான் கையால் மாற்ற விடும். அணைத்தேன். ஐந்து நிமிடம் கூட்டினேன். கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வேலை செய்தது என்றால் அப்படி வேலை செய்தது. மறுநாளிலிருந்து என் ஆள் ஐந்து ஐம்பத்தெட்டுக்கே விரல் வைக்கிறார். "பாத்தியா, மனசு வச்சா முடியும்" என்று என்னிடமே நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமா ஆமா, உங்க மனசு யாருக்கு வரும்" என்றேன். சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் ஓட வேண்டியிருந்தது.

அந்த நேரம்தான் படங்களிலும் பதிகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. ரத்தம் எடுத்த நேரத்தைப் பதினெட்டு வருடமாக எழுதுகிற எனக்கே உறைக்கவில்லை.

அடுத்த ஆறு வாரம் பெரும்பாலும் மேகம். கிடைத்த சில இரவுகளில் மாட்டியதெல்லாம் மெதுவாக ஊரும் பழைய கற்கள். ஐந்து நிமிடத்தில் அவை நகர்வது முடியளவு. அளவு கொஞ்சம் இடிப்பதைப் பார்த்து, புது சாஃப்ட்வேர் பழகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். பிறகு ஒரு நாள் காலை என் வீட்டுக்காரர் படியில் குதித்து இறங்கி வந்தார். நாலாவது கல்! அதுவும் சாதாரணக் கல் இல்லை, பூமிக்குப் பக்கத்தில் வந்து போகிற வேகமான கல். படத்தில் புள்ளியாக இல்லாமல் கோடாக விழுந்திருந்தது. அண்ணன் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தார். இருவரும் அளந்து அனுப்பிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வேகமான கல்லுக்கு ஐந்து நிமிடம் என்பது பெரிய தூரம். மற்றவர்கள் அளந்ததோடு இவர்கள் அளந்தது ஒட்டவே இல்லை. கல் நிஜம்தான், ஆனால் மறுநாள் அதைப் பிடித்த வேறு யாருடைய பெயரிலோ பதிவாகிவிட்டது. உங்கள் நேரத்தைச் சரிபாருங்கள், அதுவரை உங்களிடமிருந்து எதையும் ஏற்க மாட்டோம் என்று இரண்டு வரி.

என் வீட்டுக்காரர் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து பழைய படங்களையெல்லாம் எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் ஏற்கெனவே கணக்கில் உள்ள கற்கள் ஒன்றிரண்டு இருக்கும். அவை எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும். பதினோராம் தேதி வரை எல்லாக் கல்லும் அதனதன் இடத்தில் இருந்தது. பன்னிரண்டாம் தேதி இரவிலிருந்து எல்லாக் கல்லும் ஐந்து நிமிடம் பின்தங்கியிருந்தது. வானத்துக் கல்லெல்லாம் கூடிச் சாட்சி சொல்லிவிட்டது, பன்னிரண்டாம் தேதி பகலில் யாரோ கடிகாரத்தில் கை வைத்தார்கள் என்று. அந்தப் பகலில் அங்கே உட்கார்ந்திருந்தது யார்? சாட்சியில் ஒரு குறையும் இல்லை. பிடித்த ஆள்தான் தப்பு.

அண்ணன் வந்தபோது நான் டீயோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். இவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"லிஃப்டு, பன்னெண்டாம் தேதி நீ டைம்ல கை வச்சியா?"

"இல்லையே."

"தானா நேரம் பிடிக்கிற பொத்தான் அணைஞ்சிருக்கு. நீ அணைக்காம பேயா வந்து அணைச்சுது?"

"அதை நான் எதுக்குடா அணைக்கப் போறேன்? நான் மாத்தல."

"பின்ன யாரு? நான் கீழ தூங்கிட்டு இருந்தேன். இங்க இருந்தவன் நீ ஒருத்தன். பதினோரு வருஷம்டா! இப்படி ஒரு கல்லு இனிமே எப்ப வரும்? பண்ணிட்டுப் பண்ணலைன்னு சாதிக்காதே. மறந்துட்டேன்னாவது சொல்லித் தொலை!"

அந்தக் கடைசி வார்த்தையில் அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. தன் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தார். "மாத்துன ஞாபகம் இல்லடா" என்றார்.

மாத்தல என்றவர், மாத்துன ஞாபகம் இல்லை என்கிறார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தட்டோடு படியிலேயே நின்றேன். "எவன் கை வச்சானோ அவன் இனிமே இந்தப் படி ஏற வேணாம்" என்று இவர் கத்தினார். பயம்தான், வேறென்ன? கோபம் ஆறட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார்கள், நான் எதற்கு நடுவில் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அண்ணன் என்னைக் கடந்து இறங்கிப் போனார். டீ வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒரு வாரம் ஐந்து வாரமாயிற்று. அண்ணன் வரவில்லை. இவர் கடிகாரத்தைச் சரிசெய்தார், ஆனால் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாடிக்குப் போகாததால் வேலைக்கு லேட்டும் இல்லை. நான் கேட்ட வரம் இப்படிக் கிடைத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு இல்லை, நெஞ்சில் முள்ளே நின்றது. ஆனாலும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஒரு காலையில் அண்ணி, அதாவது அவருடைய மனைவி, என் கவுன்ட்டருக்கு வந்தாள். கையில் டாக்டர் சீட்டு. சீட்டில் அண்ணன் பெயர். தைராய்டு, பி-12, இன்னும் நாலைந்து. மறதிக்கு வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர்கள் முதலில் தேடும் பட்டியல் அது. அண்ணன் உள்ளே நாற்காலியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன அண்ணி இது?"

"உனக்குத் தெரியாதா? அந்தக் கடிகார விஷயத்துக்கு அப்புறம் மனுசன் மனுசனாவே இல்லம்மா" என்று அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "அடுப்பை அணைச்சோமான்னு ஏழு தடவ எந்திரிச்சுப் பாக்குறாரு. லிஃப்ட்ல கை வைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு ஸ்டோர் ரூம்ல போய் உக்காந்திருக்காரு. 'செஞ்சதே எனக்குத் தெரியலைன்னா, நாளைக்குப் பிரேக்கை மாட்டாமலே மாட்டிட்டேன்னு நெனைச்சுக்குவேன்டி'ங்கிறாரு. அவங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். வர்ற செவ்வாக்கிழமை மூளை டாக்டர்ட்ட வரச் சொல்லியிருக்காங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

குழாய் என் கைக்கு வந்தது. பெயர், வயது, ரத்தம் எடுத்த நேரம். சீட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது. பிய்த்து மறுபடி ஒட்டினேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"என்னங்க, கடிகாரத்தை மாத்துனது நான்."

நிமிர்ந்தார். "எவ்வளவு?"

"அஞ்சு நிமிஷம்."

"எப்ப?"

"அதே பன்னெண்டாம் தேதி. அண்ணன் போனப்புறம். நீங்க லேட்டாப் போறீங்களேன்னு..." அண்ணி சொன்னது, டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் எண்ணெய்க் கையோடு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"திட்டுங்க. நாலு அறை வேணும்னாலும் குடுங்க" என்றேன்.

"உன்னைத் திட்டி? எனக்கு எங்க போச்சு புத்தி? நாப்பது வருஷமாத் தெரிஞ்சவன் மாத்தலைன்னு சொன்னான். நான் அவனை நம்பல, கல்லை நம்பினேன்." எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "நாளைக்கே போகலாம். நீ முதல்ல போய்ச் சொல்லு. நான் கீழ நிக்கிறேன். சட்டுனு அவன் மூஞ்சியில முழிக்க எனக்குத் தைரியம் இல்ல."

அண்ணனுடைய கம்பெனி ஏழாவது மாடியில். ஸ்டோர் ரூம் அதன் கடைசியில் ஜன்னல் இல்லாத அறை. அலமாரி நிறையக் கம்பிச் சுருளும் கதவு உருளைகளும் எண் பொறித்த பொத்தான்களும். பிரேக் மாட்டிய மனிதர் இப்போது டப்பாவில் நட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றவாக்கிலேயே சொன்னேன். ஒரு தடவை சொன்னது அவருக்கு ஏறவில்லை. மூன்று தடவை சொல்ல வைத்தார்.

"அப்போ நான் இல்லையா?"

"இல்லண்ணே. நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பாவி, வாயை மூடிட்டு நின்னேன். அவரும் வந்து கீழதான் நிக்கிறாரு."

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"இரும்மா. அன்னைக்கு நடந்ததை நான் ஒண்ணொண்ணாச் சொல்றேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லு. பத்து மணிக்கு வந்தேன், வண்டியைத் தண்ணித் தொட்டி ஓரமா நிறுத்தினேன்."

"ஆமாண்ணே."

"பம்பு குறட்டை விட்டுட்டு இருந்தான்."

"எப்பதான் விடல?"

"கம்ப்யூட்டர் மூடியில ஒரு ஸ்க்ரூ மரை போயிருந்துது. கழட்டி ஜன்னல் மேல வச்சேன்."

"இன்னும் அங்கதான் கெடக்கு."

"நீ டீயில சர்க்கரை போட மறந்துட்டே. நான் சொல்லல."

"ஐயோ! அப்படியேவா குடிச்சீங்க?" இருவரும் சிரித்துவிட்டோம். எனக்கு அழுகையும் வந்தது.

"மெமோ வந்ததைச் சொல்லிப் பொலம்புனே. அவன் கழுத்துல ஒரு கடிகாரத்தைக் கட்டித் தொங்கவிடுன்னு சொன்னேன்."

"ஆமாண்ணே, ஆமா." அவர் முகத்தில் ஒவ்வொரு ஆமாவுக்கும் ரத்தம் ஏறிக்கொண்டு வந்தது.

"நான் வந்தப்போ கதவைத் திறந்தது மக. ஸ்கூல் யூனிஃபார்ம்ல நின்னா. ஞாயித்துக்கிழமைகூடவா ஸ்பெஷல் கிளாஸுன்னு கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா." அவர் என் வாயையே பார்த்தார். "சரிதானே?"

கதவைத் திறந்தது நான். ஈரக் கையோடு வந்து திறந்தேன். மகள் யூனிஃபார்மைக் கழற்றி இரண்டு வருடம் ஆகிறது. அவளை விடுதியில் விட நாங்கள் போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவரே இந்த அண்ணன்தான்.

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "எல்லாம் சரியா இருக்கு! ஒண்ணுகூடத் தப்பல பாத்தியா? செவ்வாக்கிழமை டாக்டரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இன்னைக்கே மேனேஜர்ட்ட சொல்லிடறேன், நாளையிலேர்ந்து நான் வேலைக்கு எறங்கறேன்." லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார். அவரே பொத்தானை அழுத்தினார், கதவு ஓரத்தில் இருந்த தூசியைக் கர்ச்சீப்பால் துடைத்தார். "நான் பாத்த லிஃப்டுதான் தங்கச்சி, பயப்படாம போ. கீழ நிக்கிறானே தடியன், அவனை மேல வரச் சொல்லு."

கதவு மூடியது. ஆறு, ஐந்து. எல்லோருக்கும்தான் நாள் குழம்புகிறது, இது ஒரு பெரிய விஷயமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்தில் நின்ற மனிதரிடம் எப்படிச் சொல்வது? நாலாவது மாடியில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஏறினாள். குழந்தை எட்டி எட்டிப் பொத்தான்களை அழுத்தப் பார்த்தது. அவள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, கதவையோ கம்பியையோ ஒரு தடவைகூடப் பார்க்காமல், எங்கோ நினைப்பில் நின்றாள். லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே கதவு திறந்ததும் என் வீட்டுக்காரர் எதிரே நின்றார். குழந்தைக்காரி இறங்கிப் போனாள். நான் இறங்கவில்லை.

"சொல்லிட்டியா? என்ன சொன்னான்? என்னைக் கூப்பிட்டானா?"

"ஏறுங்க" என்றேன். "ஒண்ணு தப்பாச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் ஏறினார். ஏழாவது மாடிப் பொத்தானை நானே அழுத்தினேன்.